தீவின் ஓசனிச்சிட்டும் அதன் பூமரமும்: எவ்வாறு ஒப்பிடுவது?

தாவரவியல் மாணவி, வெள்ளவத்தை:
ஓர் ஓசனிச்சிட்டு இனத்தையும் அழிவை எதிர்நோக்கும் பூக்குந் தாவரம் ஒன்றையும் ஒப்பிட்டு ஒப்படை எழுத வேண்டியுள்ளது. சிலியின் கரையிலிருந்து ஏறத்தாழ 670 கிலோமீற்றர் மேற்கேயுள்ள ஹுவான் பெர்னாண்டஸ் தீவுகளுக்கே உரிய செபனோய்டெஸ் பெர்னாண்டென்சிஸ் என்ற சிட்டையும், டென்ட்ரோசெரிஸ் லிட்டோராலிஸ் என்ற மரத்தையும் தெரிவுசெய்துள்ளேன். இரண்டுமே மிக அருகிய இனங்கள் என்பதால், எதைக் காப்பது கடினம் என்ற கோணத்தில் எழுதலாமா?

உயிரியல் ஆசிரியர், கொட்டாஞ்சேனை:
தாராளமாக எழுதலாம், பிள்ளை. ஆனால் இரண்டையும் தனித்தனியே நிறுத்தி எடைபோட வேண்டாம். கோவா இலையைப் போன்ற அகன்ற இலைகளைக் கொண்ட அம்மரத்தை, மனிதர் கொண்டுசென்று விட்ட ஆடுகள் மேய்ந்தே தீர்த்தன. 1980களில் இயற்கையில் எஞ்சியவை ஒரு சில மரங்களே. விதையிலிருந்து வளர்க்க முடிந்ததால், இன்று ராபின்சன் குரூசோ தீவின் கிராமத் தோட்டங்களில் அதன் செம்மஞ்சள் பூங்கொத்துகள் தொங்குவதைக் காணலாம். சிட்டுக்கு அவ்வாறான மாற்றிடம் கிடையாது. அது அந்த ஒரு தீவில் மட்டுமே வாழ்கிறது; அயல் தீவான அலெஹாந்திரோ செல்கிர்க்கில் இருந்த துணையினம் 1908இற்குப் பின் பதிவாகவில்லை.

பறவை நோக்குநர், தெஹிவளை:
ஆசிரியர் கூறியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராமத்தில் அம்மரம் பூக்கும்போது சிட்டுகள் தேனுக்காக அங்கே இறங்கி வருகின்றன. அங்கேதான் பூனைகளும் உள்ளன. கூடு கட்டுவதோ மலைக்காட்டின் லூமா மரங்களில். வெளியிலிருந்து வந்த முட்கொடியும் மாக்கி என்ற செடியும் அக்காட்டை மூடிவருவதால், தேன்மரத்தை நட்டுவிட்டாலே பறவை பிழைத்துவிடும் என்ற முடிவுக்கு வராதீர்கள்.

படங்களிலும் கவனம் தேவை. ஆண் செம்பழுப்பு நிறம். பெண்ணோ மேலே நீலப்பச்சை, கீழே பச்சைப் புள்ளிகளுடன் வெண்மை. இந்த வேறுபாட்டால் முன்னர் இரண்டையும் வெவ்வேறு இனங்களாகவே விபரித்தனர். நம் செவ்வரத்தைப் பூக்களுக்கு வரும் தேன்சிட்டின் படத்தைச் சிலர் ஓசனிச்சிட்டு என்று இடுவதைப் பார்க்கையில் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஓசனிச்சிட்டுகள் அமெரிக்கக் கண்டங்களையும் அவற்றின் தீவுகளையும் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை.

தாவரவியல் மாணவி, வெள்ளவத்தை:
மிக்க நன்றி. அப்படியானால் லூமாவையும் மூன்றாவதாகச் சேர்ப்பது பொருந்துமா?

உயிரியல் ஆசிரியர், கொட்டாஞ்சேனை:
நிச்சயமாகப் பொருந்தும். லூமாவின் வெண்பூக்களிலும் இச்சிட்டு தேன் அருந்துகிறது என்பதால், உணவும் கூடும் ஒரே மரத்தில் சேரும் இடத்திலிருந்தே உங்கள் ஒப்பீட்டைத் தொடங்குங்கள்.