குறைந்த சூட்டில் ரெசினை இறுகவைத்த அனுபவங்கள்

ப்ரீப்ரெக்_பிரிவு:
எங்களிடம் எபாக்சி ரெசினுக்கு ஹார்டனர், அதாவது இறுகவைக்கும் பொருள், டைசயன்டயமைடு. 208 டிகிரி வாக்கில் உருகும் பொடி. ரெசினில் கரையாமல் சும்மா கிடப்பதால் சீக்கிரம் கெடாது, ஆனால் இறுக 170, 180 டிகிரி கேட்கும். நடுவில் பிவிசி நுரை வைத்த பலகைகளுக்கு அந்தச் சூடு ஆகாது, நுரை அமுங்கிவிடும். அதனால் வினையை வேகப்படுத்தும் யூரோன் வகை முடுக்கி சேர்த்தோம். சூடேறும்போது அது பிரிந்து டைமெத்தில் அமீனை விடும். வினையைக் கிளப்புவது அதுதான். 120 டிகிரியிலேயே இறுகியது.

தலைவலி அப்புறம் வந்தது. தடித்த ஓரங்களில் வினையின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளே கருகியது. சூட்டை மெதுவாக ஏற்றி, 85 டிகிரி வாக்கில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தோம், சரியானது. ப்ரீப்ரெக் சுருள்களை, அதாவது ரெசின் ஊறிய இழைத்துணிச் சுருள்களை, இப்போது மைனஸ் 18 டிகிரியில் வைக்கிறோம். வெளியே கிடந்தால் விறைத்துவிடும்.

லேப்_ஆள்:
டீஜி, அதாவது இறுகிய ரெசின் சூட்டில் இளக ஆரம்பிக்கும் வெப்பநிலை, அளந்தீர்களா சார்? 120-ல் வேகவைத்தால் டீஜி அதைத் தாண்டி ரொம்ப தூரம் போகாது. ரெசினின் மூலக்கூறு வலை இறுக இறுக மூலக்கூறுகள் அசைய இடமில்லாமல் வினை படுத்துவிடும், முடுக்கியை எவ்வளவு கூட்டினாலும் இதே கதைதான். எஞ்சின் பக்கம் போகும் பாகம் என்றால் போஸ்ட் க்யூர் (இறுகிய பிறகு இன்னும் அதிகச் சூட்டில் மறுபடி வேகவைப்பது) இல்லாமல் அனுப்பாதீர்கள்.

ப்ரீப்ரெக்_பிரிவு:
அளந்தோம் சார். எங்கள் பலகைகள் சூடான இடத்துக்குப் போவதில்லை, அதனால் தப்பித்தோம்.

பெயிண்ட்_லைன்:
அடுப்பில் காயவைக்கும் அல்கைட் மெலமின் பெயிண்டில் கேஸ் செலவைக் குறைக்க பாரா டொலுயீன் சல்ஃபோனிக் அமிலம் போட்டோம். காயவைக்கும் சூடு 140 டிகிரியிலிருந்து 100 ஆனது. ஆனால் டின்னிலேயே பெயிண்ட் கெட்டியாக ஆரம்பித்தது. அமீனால் கட்டிவைத்த அமிலத்துக்கு மாறினோம். அடுப்பில் அமீன் பறந்த பிறகுதான் அமிலம் வேலை செய்யும். அளவைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் காயும் என்று சிலர் ஊற்றுவார்கள். பெயிண்ட் நொறுங்கும், ஈரத்தில் கொப்புளிக்கும்.

படகு_பட்டறை:
நாங்கள் அடுப்பே வைப்பதில்லை அண்ணே. பாலியெஸ்டர் ரெசினில் முடுக்கியாகக் கோபால்ட், மேலே இறுகவைக்க எம்இகேபி என்ற பெராக்சைடு. பெராக்சைடை அறைச் சூட்டிலேயே உடைப்பது கோபால்ட்தான். புதுப் பையன்களுக்கு முதலில் சொல்வது: இரண்டையும் நேராகக் கலக்காதே, தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அந்த வம்பே வேண்டாம் என்று இப்போது கோபால்ட் கலந்தே வரும் ரெசினைத்தான் வாங்குகிறோம்.