ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு லாக்மன் சரி, பிவட் ஷிஃப்ட் மட்டும் பாசிட்டிவ்: ஏன்?

பிசியோ மாணவர்:
ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் (பின்தொடையிலிருந்து எடுத்த தசைநாண் ஒட்டு) வைத்த ஏசிஎல் (முட்டியின் முன்-குறுக்கு ஜவ்வு) புனரமைப்பு. லாக்மனில் (கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்க்கும் சோதனை) கெட்டியாக நிற்கிறது, பிவட் ஷிஃப்டில் (சுழற்சித் தளர்ச்சியைப் பார்க்கும் சோதனை) வழுக்குகிறது. “நேரா நடந்தா ஒண்ணும் தெரியல, சட்டுனு திரும்பினா முட்டி நழுவுது” என்பதுதான் புகார். எம்ஆர்ஐயில் கிராஃப்ட் அறுபடவில்லை. ஒரே ஜவ்வுக்கு இரண்டு விடை எப்படி?

எலும்பு_முதுநிலை:
அது ஒற்றைக் கயிறு இல்லை. டிபியாவில் (கீழ்க்கால் எலும்பு) ஒட்டும் இடத்தை வைத்துப் பெயரிட்ட இரண்டு கற்றைகள்: முன்-உள் கற்றை முட்டியை மடக்கும்போது இறுகும், பின்-வெளிக் கற்றை நீட்டும்போது இறுகும். நீட்டிய நிலையை ஒட்டிய சுழற்சியைத் தடுப்பதில் பின்-வெளிக் கற்றைக்குப் பங்கு அதிகம். கிராஃப்ட் செங்குத்தாக நின்றால் டிபியா முன்னால் நகர்வதைப் பிடிக்கும், சுழற்சியைப் பிடிக்காது. நீங்கள் சொல்வது அந்தப் படம்தான்.

ஆர்த்ரோஸ்கோப்பி:
செங்குத்தாவதற்கு வழக்கமான காரணம், டிபியா டனல் (கிராஃப்டை நுழைக்கும் துளை) வழியாகவே தொடை எலும்பிலும் துளையிடுவது. டிரில் போகும் கோணத்தை டிபியா டனல் தீர்மானித்துவிடும். தொடைப் பக்கத் துளை மேலேயும் முன்னாலும் போய்விடும். அப்படி முன்னால் போனால் மடக்கும்போது கிராஃப்ட் அளவுக்கு மீறி இறுகும். பிறகு மடக்கம் குறையும், அல்லது கிராஃப்ட் தளரும்.

முன்-உள் போர்ட்டல் (கருவி நுழையும் சிறு கீறல்) வழியாகத் துளையிட்டால் சரியான இடத்தை எட்டலாம். முட்டியைக் குறைந்தது 110-120 டிகிரி மடக்க வேண்டும். சோம்பல்பட்டு 90இல் வைத்தால் டனல் குட்டையாகும், பின்சுவர் உடையும். ரீமர் (துளையை அகலமாக்கும் கருவி) உள்ளே போகும்போது உள்பக்கக் காண்டைலின் (தொடை எலும்பு முனையின் குமிழ்) குருத்தெலும்பை உரசாமல் பார்க்கவும்.

அடையாளம் ரெசிடென்ட்ஸ் ரிட்ஜ், தொடை எலும்பில் உள்ள ஒரு வரப்பு. ஏசிஎல் நார்கள் எல்லாம் அந்த வரப்புக்குப் பின்னால்தான் ஒட்டுகின்றன. பயிற்சி மருத்துவர் அந்த வரப்பையே பின்சுவர் என்று நம்பி முன்னாலேயே துளை போட்டுவிடுவார். பெயர் வந்ததே அதனால்! 10 மிமீ டனலுக்கு 7 மிமீ ஆஃப்செட் கைடு (பின்விளிம்பிலிருந்து துளை மையத்தின் தூரத்தை நிர்ணயிக்கும் கருவி) வைத்தால் பின்சுவர் 2 மிமீ மிஞ்சும். எண்ணை மட்டும் நம்பாமல் பின்விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து கண்ணால் பார்க்க வேண்டும்.

விளையாட்டுக்காயம்:
டனல் மீதே பழி போடுவதற்கு முன் கூடவே கிழிந்ததைத் தேடுங்கள். வெளிப்பக்க மெனிஸ்கஸின் (முட்டிக்குள் உள்ள குருத்தெலும்பு வட்டு) பின்வேர், உள்பக்க மெனிஸ்கஸின் ரேம்ப் கிழிசல் (பின்பக்கம் உறையோடு ஒட்டும் இடத்தில்), முன்-வெளி லிகமெண்ட் மூன்றுமே சுழற்சித் தளர்ச்சியைக் கூட்டும். டயல் சோதனையும் (பாதத்தை வெளிப்பக்கம் திருப்பிப் பார்ப்பது) செய்யவும்: 30 டிகிரியில் மட்டும் மறு காலைவிட 10 டிகிரிக்கு மேல் வெளிச்சுழற்சி இருந்தால் முட்டியின் பின்-வெளி மூலையில் காயம். 90இலும் இருந்தால் பிசிஎல்லும் (பின்-குறுக்கு ஜவ்வு) சேர்ந்தது.

பிசியோ மாணவர்:
நன்றி. எக்ஸ்ரேயில் டனல் இடத்தைப் பார்க்க முடியுமா சார்?

ஆர்த்ரோஸ்கோப்பி:
சரியான பக்கவாட்டுப் படம் வேண்டும், இரு காண்டைல்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்க வேண்டும். புளூமென்சாட் கோட்டை (தொடை எலும்பு நடுப்பள்ளத்தின் கூரைக் கோடு) நான்காகப் பிரித்தால் தொடை டனலின் மையம் பின் கால்பங்கை ஒட்டி விழ வேண்டும். டிபியாவில் முன்விளிம்பிலிருந்து சுமார் 43 சதவீதம். அதைவிட முன்னால் போனால் முழுதாக நீட்டும்போது கிராஃப்ட் கூரையில் இடிக்கும், கால் நீளாது. மறு ஆபரேஷன் திட்டமிருந்தால் எக்ஸ்ரே போதாது, முப்பரிமாண சிடி எடுக்கச் சொல்லுங்கள்.