சின்ன ஹாலுக்கு எந்த ஓட்டோமான் சரிவரும்?

கேள்வி:
சோபா போட்டதும் டீப்பாய்க்கு இடமில்லை. கால் நீட்டவும், ஆள் வந்தால் உட்காரவும், உள்ளே போர்வை வைக்கவும் ஆகிற மாதிரி ஓட்டோமான் (முதுகுச் சாய்வில்லாத, மெத்தை வைத்த குட்டை இருக்கை) தேடுகிறோம். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, எதை வாங்கலாம்?

பதில் 1:
மூடி திறக்கிற ஸ்டோரேஜ் வகைதான் உங்களுக்கு. உயரம் சோபா இருக்கைக்குச் சமமாகவோ ஓரிரு அங்குலம் குறைவாகவோ இருக்கட்டும், அதைவிட உயர்ந்தால் கால் நீட்டவே சுகமிருக்காது. கடையிலேயே மூடியைப் பாதி திறந்து கையை எடுத்துப் பாருங்கள், அப்படியே நிற்க வேண்டும் அல்லது மெதுவாக இறங்க வேண்டும். டப்பென்று விழுகிற மூடி வேண்டவே வேண்டாம், குழந்தையின் விரல் நசுங்கிவிடும்.

பதில் 2:
மூலை இல்லாத வட்ட வடிவமாகப் பாருங்கள். மெத்தென்ற பூஃப் (உள்ளே சட்டமில்லாமல் பஞ்சு மாதிரி அடைத்த உருண்டை இருக்கை) கால் வைக்க மட்டும் சரி, வயதானவர்கள் அதிலிருந்து எழுந்திருக்கச் சிரமப்படுவார்கள், காபி டம்ளரும் நிற்காது. மேல்பாகம் கெட்டியாக இருந்தால் ஒரு ட்ரே வைத்து டீப்பாயாகவே புழங்கலாம்.

கேட்டவர்:
சரி, ரெக்சினா துணியா?

பதில் 1:
ரெக்சினைத் துடைப்பது சுலபம், ஆனால் புழுக்கமான ஊரில் நாளாக ஆக உரிய ஆரம்பிக்கும். ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கிற துணி உறையே எடுங்கள். அப்புறம், போர்வையை நன்றாகக் காயவைத்த பிறகே உள்ளே வையுங்கள்.