மேக்ரோஸ் (1982): 27வது எபிசோடோட நிறுத்திடலாமா, மிச்ச 9 எபிசோடும் பாக்கணுமா?

நிலாக்கப்பல்:

மக்களே ஒரு டவுட்டு. ரொம்ப நாளா பாக்கணும்னு வச்சிருந்த சூப்பர் டைமென்ஷன் ஃபோர்ட்ரஸ் மேக்ரோஸ இப்பதான் ஆரம்பத்துல இருந்து பாத்துட்டு வரேன், 1982ல வந்த ஒரிஜினல் ஜப்பான் அனிமே டிவி சீரிஸ், மொத்தம் 36 எபிசோட். நேத்து நைட்டு 27 முடிச்சேன், முடிச்சுட்டு தூக்கமே வரல. எதிரி தலைவன் போடோல்சாவோட மெயின் ஃப்ளீட்ல கிட்டத்தட்ட 48 லட்சம் கப்பல், அவ்வளவும் பூமிய சுத்தி நின்னு ஒரே நேரத்துல சுடுது, ஊர் ஊரா எரியுது, பாட்டு ஓடிட்டே இருக்கு. பாடகி மின்மே பாடுறத கேட்டு எதிரிங்களான ஜென்ட்ராடி வேற்றுகிரக ஆளுங்க சண்ட போட முடியாம தடுமாறுறாங்க, அந்த கேப்புல பூமிக்காரங்களோட மேக்ரோஸ் கப்பல் எதிரி கோட்டைக்குள்ளயே பூந்து இருக்குற மிஸைல் மொத்தத்தையும் கொட்டுது. இதுக்கு மேல ஒரு க்ளைமாக்ஸ் யாராலயும் வைக்க முடியாதுன்னு தோணுச்சு.

அப்புறம் 28 போட்டா ரெண்டு வருஷம் தள்ளி ஆரம்பிக்குது. போர் முடிஞ்சாச்சு, ஹீரோ பைலட் ஹிகாரு ரோந்து சுத்திட்டு இருக்கான், அவன் இல்லாத நேரம் கப்பல் அதிகாரி மிசா அவன் வீட்ட சுத்தம் பண்ணிட்டு இருக்கா, மின்மே எங்கயோ ஊர் ஊரா போய் பாடிட்டு இருக்கா. ஒன்னும் புரியல. சீரிஸ் ஓடிட்டு இருக்கும்போதே எபிசோட் எண்ணிக்கைய கூட்டிட்டாங்கன்னு வேற கேள்விப்பட்டேன், அப்போ இது சும்மா இழுவையா? 27ல கிடைச்ச அந்த ஃபீல கெடுத்துக்க மனசு வரல, அதான் கேக்குறேன். முடிவ மட்டும் சொல்லிடாதீங்க ப்ளீஸ்.

கெர்வாக்:

ப்ரோ நீங்க சண்டைக்காகவும், ரோபோவா மாறுற வால்கிரி போர் விமானத்துக்காகவும் பாக்குற ஆளுன்னா தாராளமா நிறுத்திக்கலாம். கடைசி 9 எபிசோட்ல பெரிய ஃப்ளீட் சண்டை கிடையாது, நிறைய இடத்துல வரையிறதும் சுமார்தான். இந்த சீரிஸ்ல எல்லா எபிசோடும் ஒரே கை வரைஞ்சது இல்ல, நிறைய வெளி ஸ்டூடியோவுக்கு கொடுத்து வாங்குனாங்க, 11வது எபிசோட்லயே கவனிச்சிருப்பீங்க, கதைப்படி அவ்வளவு முக்கியமான எபிசோட், ஆனா ஷாட்டுக்கு ஷாட் மூஞ்சி மாறும். 27 மாதிரி உயிர கொடுத்து பண்ண எபிசோட பாத்துட்டு நேரா 28க்கு வந்தா மனசு விழத்தான் செய்யும்.

என்னைக் கேட்டா இங்க நிறுத்திட்டு 1984ல வந்த படத்துக்கு போங்க, டூ யூ ரிமெம்பர் லவ். அனிமேட்டர் இடானோ இச்சிரோ பண்ண மிஸைல் ஷாட்டுங்க, அந்த புகை வளைஞ்சு வளைஞ்சு வர்றது, தியேட்டர் பட்ஜெட்ல பாத்தா வேற லெவல்.

பழைய_டேப்:

கெர்வாக் சொன்ன அனிமேஷன் விஷயம் உண்மை, அதுல சண்டை இல்ல. ஆனா நிறுத்த சொல்றத ஒத்துக்கவே மாட்டேன். தம்பி நிலாக்கப்பல், நீங்க இதுவரைக்கும் பாத்த 27 எபிசோடுக்கு அர்த்தமே அந்த கடைசி 9லதான் இருக்கு.

யோசிச்சு பாருங்க, ஜென்ட்ராடி யாரு? புரோட்டோகல்ச்சர்ங்கிற பழங்கால வேற்றுகிரக இனம் சண்டைக்குன்னே உருவாக்கி விட்ட ஆளுங்க. பத்து மீட்டர் உயரம், லட்சக்கணக்குல கப்பல், ஆனா ஒரு கப்பல் ரிப்பேர் ஆனா சரி பண்ண தெரியாது, ஏன்னா யாரும் சொல்லிக் கொடுக்கல. ஆம்பளைங்க தனி, பொம்பளைங்க தனி. பாட்டுன்னா என்னன்னு தெரியாது. 11ல ஹிகாருவும் மிசாவும் முத்தம் கொடுக்குறத பாத்து அவ்வளவு பெரிய தளபதிங்க அரண்டு போறாங்களே, சிரிப்பா இருந்தாலும் மொத்த கதைக்கும் விதை அங்கதான் போடுறாங்க. அப்புறம் உளவு பாக்க அனுப்புன மூணு பேரும் மின்மே பொம்மையோட திரும்பி போறாங்க, கப்பல் கப்பலா அது பரவுது. இப்படி கொஞ்சம் கொஞ்சமா வந்துதான் 27ல வெடிக்குது.

சரி, பாட்டு கேட்டு மனசு மாறி துப்பாக்கிய கீழ போட்டாச்சு. மறுநாள் காலையில அவன் என்ன பண்ணுவான்? சோத்துக்கு என்ன வழி? பிறந்ததுல இருந்து சண்டைய தவிர ஒன்னுமே பண்ணாத ஒருத்தன மனுஷ சைஸுக்கு சுருக்கி, ஊருக்குள்ள ஒரு வேலைய கொடுத்து, இனிமே தினமும் இதான்னு சொன்னா அவனால இருக்க முடியுமா? நிறைய பேரால முடியல. சிலர் கிளம்பி, சண்டைய விட மனசில்லாத ஜென்ட்ராடி தளபதி காம்ஜின் கூட சேர்ந்துடுறாங்க. அவன வெறும் வில்லனா பாக்காதீங்க, அவனுக்கு போர் மட்டும்தான் வீடு. பூமிக்காரங்க பக்கமும் பாவமாத்தான் இருக்கும், தன் குடும்பத்த கொன்னவன் கூடவே ஒரே தெருவுல குடியிருக்கணும். வேற்றுகிரகவாசி படையெடுத்து வர்ற கதைன்னா வந்தவன் செத்தான் இல்ல ஓடினான்னு முடிச்சிடுவாங்க. இதுல வந்தவன் இங்கயே தங்கிட்டான், அதுக்கப்புறம் என்னன்னு ஒரு டிவி சீரிஸ் 9 எபிசோடு செலவு பண்ணி யோசிக்குது, அதுவும் 83ல.

மின்மே கதையும் அப்படித்தான். 48 லட்சம் கப்பல தடுமாற வச்ச குரலுக்கு இப்ப கூட்டமும் இல்ல, காசும் சரியா வரல. அவளோட சொந்தக்காரன் கைஃபுன் குடிச்சிட்டு கத்துறான். போர் வேணாம்னு வந்ததுல இருந்து பேசிட்டு இருந்தவன் போர் நின்னதும் என்ன ஆகுறான்னு கவனிங்க, எழுதுனவங்க அவன சும்மா விடல.

30வது எபிசோட மட்டும் தவறவே விடாதீங்க, பூமிக்கார பைலட் மேக்ஸும் அவன் ஜென்ட்ராடி மனைவி மிலியாவும் கைக்குழந்தைய தூக்கிட்டு சண்டைக்கு போறாங்க. 33ல க்ளாடியா உக்காந்து தன் காதலன் பைலட் ராய் பத்தி மிசா கிட்ட பேசுவா, வெளிய மழை, ஒரு ரோபோ சண்டை கிடையாது, ஆனா 18ல ராய் செத்தப்ப வந்ததவிட எனக்கு இங்கதான் அதிகமா வலிச்சுது.

மழைநேரம்:

அண்ணா சொன்னதோட ஒன்னு சேத்துக்குறேன். இந்த சீரிஸ் முதல் எபிசோட்ல இருந்தே 'அப்புறம் என்ன ஆச்சு'ன்னு கேக்குற சீரிஸ், திடீர்னு 28ல மாறல. 3ல ஃபோல்ட் பண்ணும்போது, அதாவது விண்வெளியில ஒரே தாவா தாவும்போது, நிலாவுக்கு பின்னாடி போக நினைச்சு புளூட்டோ பக்கம் போய் விழுறாங்க, கூடவே சவுத் அடாரியா தீவும் மொத்த ஊரும் வந்துடுது. வேற கதையா இருந்தா ஹீரோ வண்டி ஏறி சண்டைக்கு போயிருப்பான். இதுல ஊர்க்காரங்கள எங்க தங்க வைக்கிறதுன்னு யோசிச்சு கப்பலுக்குள்ளயே ஊர திரும்ப கட்டுறாங்க, மின்மே வீட்டு சைனீஸ் ஹோட்டல் கூட திரும்ப திறக்குது. 5ல கப்பல் மனுஷ உருவத்துக்கு மாறுதே, அது ஸ்டைலுக்கு இல்ல. ஃபோல்ட் எஞ்சின் காணாம போனதுல மெயின் பீரங்கிக்கு பவர் போற லைன் அறுந்துடுச்சு, கப்பலோட பாகங்கள இடம் மாத்தி சேத்தாதான் சுட முடியும். அப்படி மாறும்போது உள்ள கட்டுன ஊர் இடிஞ்சு விழுது! ராட்சச ரோபோ உருமாறுற சீன்ல உள்ள குடியிருக்குறவன் கதி என்னன்னு காட்டுன சீரிஸ் எனக்கு தெரிஞ்சு இதுக்கு முன்னாடி இல்ல.

4ல ஹிகாருவும் மின்மேவும் கப்பலுக்குள்ள மாட்டிக்கிட்டு சாப்பாடு இல்லாம கெடக்கும்போது வெளிய ஒரு சூரை மீன் மிதந்து போகும், அவன் போய் புடிச்சு இழுத்துட்டு வந்தா தலை மட்டும்தான் உள்ள வந்து சேரும். அந்த மாதிரி சின்ன சின்ன வாழ்க்கைய புடிச்சு பாத்தவங்களுக்கு கடைசி 9 கண்டிப்பா புடிக்கும்.

மெக்கா பக்கமும் அதே யோசனைதான் கெர்வாக். வால்கிரி ஏன் மனுஷ உருவத்துக்கு மாறணும்? எதிரி பத்து மீட்டர் ஆளு, அவன் கப்பலுக்குள்ள போய் அவன் கூட நேருக்கு நேர் மோதணும்னா அவன் சைஸ்ல ஒன்னு வேணும். கவாமோரி ஷோஜி அத நிஜமா பறக்குற ஜெட் மாதிரி டிசைன் பண்ணாரு, எஞ்சினே காலா மாறுது. 6ல மிசா ஐடியா கொடுத்து கையா இருக்குற டேடலஸ்ங்கிற படையிறக்கும் கப்பல வச்சு எதிரி கப்பல குத்துறாங்களே, அதுலயும் உள்ள டெஸ்ட்ராய்டுங்கிற தரைப்படை ரோபோங்க வரிசையா நின்னு மிஸைல் விடும், ஒவ்வொன்னுக்கும் ஒரு காரணம் இருக்கும்.

நிலாக்கப்பல்:

யப்பா, காம்ஜின் பத்தி சொன்னத படிச்சதும் பாக்கணும்னு முடிவே பண்ணிட்டேன். இன்னும் ரெண்டு கேள்வி. 84 படம் இதோட தொடர்ச்சியா, இல்ல சுருக்கமா? அப்புறம் ரோபோடெக்னு ஒன்னு சொல்றாங்களே அது இதேதானா, அதையும் பாக்கணுமா?

கெர்வாக்:

தொடர்ச்சி இல்ல, சுருக்கமும் இல்ல, அதே கதைய புதுசா முழுக்க வரைஞ்சு வேற மாதிரி சொல்லியிருக்காங்க. டிவி சீரிஸ் டைரக்டர் இஷிகுரோவும் கவாமோரியும் சேர்ந்து டைரக்ட் பண்ணது. படம் ஆரம்பிக்கும்போதே ஜனங்க கப்பலுக்குள்ளதான் இருப்பாங்க, அதுல ஆம்பளை ஜென்ட்ராடியும் பொம்பளை மெல்ட்ராண்டியும் ஒருத்தருக்கொருத்தர் எதிரி. கடைசில மின்மே பாடுறது புரோட்டோகல்ச்சர் காலத்து காதல் பாட்டு, ரொம்ப காலமா புதைஞ்சு கிடந்து இப்ப கண்டெடுத்த வரிகள பாடுறா. மின்மேக்கு குரல் கொடுத்த ஈஜிமா மாரியேதான் பாட்டும் பாடுனது, டிவிலயும் அப்படித்தான். சண்டை முடியுற இடத்தோட படம் முடிஞ்சிடும், பழைய_டேப் அண்ணன் சொன்ன அந்த போருக்கு அப்புறமான வாழ்க்கை இதுல இல்ல. அத யோசிச்சா நீங்க 36ஐயும் முடிச்சுட்டே படத்துக்கு வாங்க, அதுதான் சரி.

பழைய_டேப்:

ரோபோடெக் 1985ல அமெரிக்காவுல வந்தது. அங்க வாரநாள்ல தினமும் ஓட்டணும்னா 65 எபிசோடாவது வேணும், மேக்ரோஸ் 36தான் இருந்துச்சு, அதனால அதுக்கு சம்பந்தமே இல்லாத சதர்ன் க்ராஸ், மோஸ்பீடான்னு இன்னும் ரெண்டு சீரிஸ சேத்து ஒரே கதையா தச்சு 85 எபிசோடா ஆக்குனாங்க. ஹிகாரு அதுல ரிக் ஹண்டர், மிசா லிசா ஹேய்ஸ். நிறைய பேருக்கு அனிமேன்னா என்னன்னு அறிமுகப்படுத்துனதே அதுதான், அந்த மரியாத எனக்கு எப்பவும் உண்டு. ஆனா நீங்க ஒரிஜினல் பாத்துட்டு இருக்கீங்க, இப்ப அது பக்கம் போக வேணாம், வசனமும் பாட்டும் பின்னணி இசையும் மாறியிருக்கும், குழம்பிடுவீங்க.

28, 29 ரெண்டும் கொஞ்சம் மெதுவா போகும், அத பாத்துட்டு விட்டுடாதீங்க, 30 வரைக்கும் ஒரே மூச்சுல பாத்துடுங்க. 33 முடிச்சதும் இங்க வந்து எழுதுங்க தம்பி, க்ளாடியா சீன் பத்தி நிறைய பேசணும்.