காம்பென்சேட்டிங் வால்வா, ஸ்லைடை இழுக்கும் கையா?

செப்புக்குழல்: ட்யூபா என்ற பெரிய பித்தளை ஊதுகருவியில் சுருதி என்பது வாசிப்பவர் காதில்தான் இருக்கிறது, வால்வைக் குறை சொல்லாதீர்கள் என்று இங்கே சிலர் சொல்கிறீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. பி-ஃப்ளாட் ட்யூபா சுமார் 5.5 மீட்டர் குழாய். வால்வை அழுத்தினால் குழாய் நீளும், சுருதி இறங்கும்: முதல் வால்வு 67 செ.மீ. சேர்க்கும், மூன்றாவது 104. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் 171தான் வரும், அந்த நோட்டுக்கு வேண்டியதோ 184. மூன்றையும் அழுத்தினால் 24 செ.மீ. பற்றாக்குறை, சுருதி கால் சுரம் ஏறி நிற்கும். அவ்வளவையும் உதட்டால் இறக்கினால் நாதம் செத்துவிடும். கருவி வடிவமைப்பாளர் டேவிட் பிளெய்க்லி 1874இல் காப்புரிமை வாங்கியது இந்தக் குறையைத் தானே ஈடுகட்டும் காம்பென்சேட்டிங் வால்வுக்குத்தான். இன்றைய நாலு வால்வுக் கருவியில் நாலாவதை அழுத்தினால் காற்று மற்ற மூன்று வால்வுகள் வழியாக இன்னொரு சுற்று போகும், குறைகிற நீளத்தை அங்கே உள்ள சின்ன வளையங்கள் தந்துவிடும்.

இடதுகை: கணக்கு சரிதான். ஆனால் பேண்டில் நாம் தனியாக வாசிப்பதில்லையே. மேஜர் கார்டில் (சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் கூட்டில்) மூன்றாம் சுரம் நம்மிடம் வந்தால், சுருதி அளக்கும் ட்யூனர் காட்டும் இடத்தைவிட 14 சென்ட் (நூறு சென்ட் என்பது அரைச் சுரம்) கீழே வைத்தால்தான் நாதம் அலையடிக்காமல் ஒட்டும். அடுத்த பாரில் அதே நோட் வேறு கார்டுக்கு அடிச்சுரமாக வந்தால் மறுபடி ஏற்ற வேண்டும். இது எந்த வளையத்துக்குத் தெரியும்? நான் ஐந்து வால்வு சி ட்யூபா வாசிக்கிறேன், முதல் வால்வின் ஸ்லைடு (இழுத்து நீட்டும் குழாய்) மேல்நோக்கி நிற்கும், இடது கை எப்போதும் அதன் மேலேயே இருக்கும். இரண்டேகால் செ.மீ. இழுத்தால் அந்த 14 சென்ட் இறங்கிவிடும். உங்கள் காம்பென்சேட்டிங் ஈ-ஃப்ளாட் ட்யூபாவில் நாலாவது வால்வு பக்கவாட்டில் இருப்பதால் இடது கை அங்கே போய்விடுகிறது, அப்புறம் ஸ்லைடை எந்தக் கையால் இழுப்பீர்கள்?

செப்புக்குழல்: பிரதான ஸ்லைடுக்கு ட்ரிக்கர் (அதை நகர்த்தும் நெம்புகோல்) வைத்த கருவிகளும் இருக்கின்றன. அதை விடுங்கள், அடிமட்டத்தில் பதினாறாம் நோட்டுகள் ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் ஸ்லைடை இழுக்க நேரம் ஏது? பிரிட்டிஷ் பிராஸ் பேண்டில் இரண்டு ஈ-ஃப்ளாட், இரண்டு பி-ஃப்ளாட் என்று நாலு பேர் ஒன்றாக அடியில் நிற்கிறோம், ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தால் அங்கேயே அலையடிக்கும்.

இடதுகை: ஓட்டமான இடத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாலாவதை அழுத்தியதும் காற்று அத்தனை வளைவுகளிலும் சுற்றுவதால் சத்தம் அடைத்த மாதிரி வருகிறது. வாங்கிய ஒரு வருஷத்தில் என் காம்பென்சேட்டிங்கை விற்றதே அதனால்தான்.

புதுவாசிப்பு: அண்ணா, என்னிடம் இருப்பது பள்ளியில் கொடுத்த சாதாரண மூன்று வால்வு பி-ஃப்ளாட். இப்போதைக்கு வேறு வாங்க முடியாது. நான் என்ன செய்வது?

செப்புக்குழல்: தம்பி, மூன்றாவது ஸ்லைடை ஆறரை செ.மீ. போல வெளியே இழுத்து, 1-3 (முதல், மூன்றாம் வால்வுகளைச் சேர்த்து அழுத்துவது) சுருதியில் நிற்கும்படி வைத்துவிடு. அதன் பிறகு மூன்றாவதைத் தனியாக அழுத்தவே கூடாது, அந்த நோட்டுக்கு 1-2 போடு.

இடதுகை: 1-2 கொஞ்சம் ஏறித்தான் இருக்கும், கை எட்டினால் முதல் ஸ்லைடை இரண்டு செ.மீ. இழுத்துக்கொள். மூன்று வால்வும் சேர்ந்து வரும் நோட் அப்போதும் ஏறியே நிற்கும், அது நீளமாக வரும் இடங்களில் பென்சிலால் குறித்து வை.