ரிசல்ட் வராத அந்த எட்டு மாசம்

தமிழ்நாடு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு எப்போ மனசு விட்டுப்போகும்னு கேட்டா, தேர்வு நெருங்குறப்பன்னுதான் பலரும் சொல்வாங்க. எனக்கு எழுதி முடிச்ச பிறகுதான் விட்டுப்போச்சு. 2022 ஜூலை 24 தேர்வு நடந்துச்சு, முடிவு வந்தது 2023 மார்ச் 24. அந்த எட்டு மாசமும் வேலை கிடைச்சிருச்சா, இல்ல ஆறாம் வகுப்புப் புத்தகத்துலேருந்து மறுபடி தொடங்கணுமான்னு தெரியாது. எழுதினவங்க பதினெட்டு லட்சம் பேருக்கு மேல. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துக்குப் போகவே கூசும்.

ஊக்கப் பேச்சு வீடியோவெல்லாம் நிறையப் பார்த்தேன். ராத்திரி கேக்குறப்ப உடம்பே சிலிர்க்கும். காலையில புத்தகத்தைத் திறந்தா ஒரு பக்கம் ஓடாது.

மதுரையில எங்க வீட்டுப் பக்கத்துக் கிளை நூலகத்துல ஒரு அக்காவைச் சந்திச்சேன். ரெண்டு பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு நேரா அங்க வருவாங்க. அவங்களும் அதே தேர்வு எழுதினவங்கதான். ஆனா மேசையில பொதுத்தமிழ் விரிச்சு வச்சிருந்தாங்க. “ரிசல்ட் வரட்டும்னு பாக்கலையாக்கா?”ன்னு கேட்டேன். “அது வர்றப்ப வரும்டா. எனக்கு இன்னைக்குத் திருக்குறள்ல வாய்மை அதிகாரம் முடிக்கணும். நீ சும்மாதானே இருக்க, பத்துக் கேள்வி எடுத்துக் குடு”ன்னாங்க.

அப்படித்தான் ஆரம்பிச்சோம். ஆளுக்கொரு பாடம் எடுத்துக்குவோம். அதுலேருந்து பத்துக் கேள்வி, நாலு விடையோட, மறுநாள் எழுதிட்டு வரணும். தாளை மாத்திக்கணும். கேள்வி எடுக்குறதுலதான் விஷயமே இருக்கு. தப்பான மூணு விடையையும் நம்பும்படி எழுதணும்னா, பாடத்தை வரிவரியாப் படிச்சாகணும். அதைவிடப் பெருசு, காலையில எனக்காக ஒருத்தங்க தாளோட உட்கார்ந்திருப்பாங்கங்கிற நினைப்பு. படிக்கத் தோணாத நாள்லயும் அது என்னை வீட்டை விட்டுக் கிளப்பிரும். வேலை கிடைக்கணும்ங்கிற ஆசை ரொம்ப தூரத்துல இருந்துச்சு. அக்காகிட்ட வெறுங்கையோட போய் நிக்கக் கூடாதுங்கிறது நாளைக்கே இருந்துச்சு.

மார்ச்ல ரெண்டு பேருக்குமே தரவரிசை கீழ. அழுதேன். அக்கா மறுநாளும் தாளோட வந்திருந்தாங்க. 2024 ஜூன் 9 தேர்வுல அவங்களுக்குக் கிடைச்சுது, இப்ப வேற மாவட்டத்துல இளநிலை உதவியாளர். நான் இன்னும் படிச்சுக்கிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை வாட்ஸ்அப்புல அவங்க கேள்வித்தாள் வராம இருந்ததில்ல. உங்களுக்கும் இப்படி யாராவது வாய்ச்சிருந்தா எழுதுங்க.

* * *

உங்க பதிவைப் படிச்சேனுங்க, நான் கோயம்புத்தூருங்க. மில்லுல ஷிப்ட் வேலை, அதனால சேர்ந்து படிக்க ஆள் அமையல. எனக்கு வழி சொன்னது எங்க தெருவுல இருக்குற ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருத்தருங்க. “200 கேள்விக்கும் விடை தெரிஞ்சா மட்டும் பத்தாது தம்பி, மூணு மணி நேரம் எந்திரிக்காம உட்காரப் பழகு”ன்னார். விடுமுறை கிடைக்குற ஞாயித்துக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில ஒன்பதரைக்கு உட்காருவேன். ஓஎம்ஆர் விடைத்தாள்ல பேனாவால வட்டத்தை நிரப்பி, தெரியாத கேள்விக்கு ‘விடை தெரியல’ங்கிற ஈ வட்டத்தை நிரப்பி, எல்லாமே அப்படியே தேர்வு மாதிரி. பன்னெண்டரைக்குத் தாளை வாங்கிருவார். மார்க்கை அவர் கேட்டதே இல்லைங்க. போன வாரம் எங்க நின்னு யோசிச்சே, இந்த வாரம் எங்க நின்னேன்னு மட்டும்தான் கேப்பார். வேலை அலுப்புல படுத்துக்கலாம்னு தோணுறப்ப, அந்தப் பெரியவர் கடிகாரத்தோட காத்திருப்பாருன்னு எந்திரிச்சுருவேன். நீங்க சொன்னதும் இதேதானுங்களே!

தமிழ்ல 40 சதவீதம் வாங்கலைன்னா மத்த பகுதியைத் திருத்தவே மாட்டாங்க. எனக்கு அந்தப் பயம் இன்னும் போகல. கணக்கு நல்லா வரும். திறனறிவுல 25 கேள்வி நான் எடுத்துத் தர்றேன், இலக்கணத்துல பத்து நீங்க குடுங்க. புதன்கிழமை எனக்கு ராத்திரி ஷிப்ட், அதனால வியாழன் சாயங்காலம் மாத்திக்கலாமுங்களா?