சார்கோவின் மகனும் ஹ்யூகோவின் பேத்தியும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ஆசான்மகன் கேட்டது:

எங்கள் வீடு திருவட்டாருக்குப் பக்கம். அப்பா வர்ம ஆசான். பாட்டாவும் ஆசான், பாட்டாவின் அப்பாவும் ஆசான். தென்னையில் இருந்து விழுந்தவர், ரப்பர் வெட்டப் போன இடத்தில் இடுப்பு பிடித்தவர், கை முறிந்த பிள்ளைகள் என்று விடியும் முன்னே முற்றத்தில் ஆள் வந்துவிடும். நான் எங்கே போனாலும் 'ஆசானுக்க மவன் தானே?' என்பதுதான் முதல் கேள்வி. என் பெயர் அப்புறம்தான்.

எனக்கு 27 வயது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் போட்டுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் மாட்டிக் கொடுக்கிறேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பாவோ ஏடுகளைப் பெட்டியில் பத்திரமாக வைத்துக்கொண்டு, நான் எப்போது வந்து பக்கத்தில் உட்காருவேன் என்று காத்திருக்கிறார். வாயைத் திறந்து கேட்பதில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

போன மாதம் கருங்கல் பக்கம் இருந்து ஒரு பையனைக் கூட்டி வந்தார்கள். பாதம் வளைந்து, கெண்டைக்கால் மெலிந்து இருந்தது. அப்பா வெகுநேரம் தொட்டுப் பார்த்தார். 'இது என் கைக்கு அடங்குற காரியம் இல்ல, பெரிய டாக்டரையே பாருங்க' என்று காசு வாங்காமல் அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த காகிதத்தில் 'சார்கோ-மாரி-டூத்' என்று இருந்தது. இராத்திரி அதைத் தேடிப் படித்தேன். 1886இல் அந்த நரம்பு நோயை விவரித்த மூன்று டாக்டர்களின் பெயராம் அது. முதல் ஆள் பாரிஸைச் சேர்ந்த ஜான் மார்ட்டின் சார்கோ. அவருடைய மகன் ஜான் பாப்டிஸ்ட் டாக்டருக்குப் படித்துவிட்டு, கப்பல் கட்டிக்கொண்டு தென்துருவப் பக்கம் போய்விட்டார் என்று பார்த்தேன். அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த மகன் அப்பாவை எப்படிச் சமாளித்தார்? பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவின் பேத்தியைக் கல்யாணம் செய்திருந்தாராம். அந்தப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் என்ன ஆனார்கள்?

வடசேரி வாத்தியார்:

தம்பி, பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவன் நான். இந்தக் கூட்டத்தைப் பற்றிப் பல வருடமாகப் படித்து வருகிறேன்.

சமாளிக்கவில்லை என்பதுதான் நேரான பதில். பெரிய சார்கோ சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நரம்பு நோய்க்கு உலகத்துக்கே ஆசானாக இருந்தவர். 1885இல் வியன்னாவில் இருந்து, பின்னாளில் மனப் பகுப்பாய்வுக்குப் பேர்போன டாக்டர் ஃபிராய்ட் வந்து அவரிடம் பாடம் கேட்டார். மகனும் டாக்டராக வேண்டும் என்றார், மகன் படித்தார். 1893இல் அப்பா இறந்தார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. மேலும் இரண்டு வருடம் படித்து 1895இல் டாக்டர் பட்டத்தை வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். உங்களுக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். கடல் பைத்தியம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. தன் படகுக்கு 'ஏன் கூடாது?' என்று பெயர் வைத்தார். அடுத்தடுத்த படகுகளுக்கும் அதே பெயர்தான். 1900 ஒலிம்பிக் பாய்மரப் போட்டியில் வெள்ளி வாங்கினார்.

1903இல் அப்பா விட்டுப்போன சொத்தைக் கொட்டி, சென் மாலோ ஊரில் 'ஃபிரான்சே' என்ற கப்பலைக் கட்டித் தெற்கே போனார். 1904 குளிர்காலம் முழுவதும் பூத் தீவோரம் பனியில் கப்பலை நிறுத்தி, அளந்து, படம் வரைந்தார்கள். அந்த ஒதுக்கிடத்துக்கு அவர் வைத்த பெயர் போர்ட் சார்கோ, அப்பாவின் பெயர். கொஞ்சம் தள்ளி இன்னொரு ஒதுக்கிடம் போர்ட் லாக்ராய். எதுவார் லாக்ராய் என்ற அரசியல்வாதியின் பெயர் அது. இந்தப் பயணத்துக்கு அரசாங்க உதவி வாங்கிக் கொடுத்தவர். மனைவி வழியில் அவர் மாமனார் முறை. ஹ்யூகோவின் மகன் சார்ல் இறந்தபிறகு அவருடைய விதவையைக் கட்டியவர் லாக்ராய். விக்டர் ஹ்யூகோ பெயரிலும் அங்கே ஒரு தீவு இருக்கிறது. குடும்ப மரத்தையே பனியில் கொண்டுபோய் நட்டுவிட்டார்.

மற்றவர்கள் கதை அவ்வளவு நல்லதாக இல்லை. எழுத்தாளர் அல்போன்ஸ் தோதேயின் மகன் லியோன் தோதேயும் டாக்டருக்குத்தான் படித்தார். மருத்துவமனைப் போட்டித் தேர்வில் தோற்று, 1894இல் டாக்டர்களைக் கிழித்து ஒரு நாவல் எழுதினார். பிறகு முடியாட்சிக் கட்சிப் பத்திரிகையில் சேர்ந்து யூதர்கள் மேல் வெறுப்பைக் கக்கியே வாழ்ந்தார். அவ்வளவு படிப்பும் வீடும் வாய்த்தவர் அப்படிப் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஹ்யூகோவின் பேரன் ஜார்ஜ் கடற்படையில் சாதாரண மாலுமியாக இருந்தார், படம் வரைந்தார், சொத்தைக் கரைத்தார்.

பேத்தி ழான் 1891இல் லியோனைக் கட்டினாள். தாத்தா உயிலில் எந்தச் சபையின் ஜெபமும் வேண்டாம் என்று எழுதியவர். அதனால் சர்ச் இல்லாமல் நகரசபையில் நடந்த கல்யாணம். 1895இல் விவாகரத்து. 1896இல் இளைய சார்கோவைக் கட்டினாள். கணவன் கைவிட்டுப் போனான் என்று காரணம் காட்டி 1905இல் அதுவும் முறிந்தது. அப்புறம் ஒரு கிரேக்கக்காரர். அந்தப் பெண்ணுக்குப் பொறுமை போதாது என்பது என் எண்ணம்.

தூத்தூர்க்காரி:

சார் எழுதியதைப் படித்து இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் தங்கல் தொழிலுக்குப் போகிறவர். போட்டு கரை பிடிக்க 30, 40 நாள் ஆகும். 2017இல் ஒக்கி அடித்தபோது ஒன்பதாம் நாள் இலட்சத்தீவில் இருந்து போன் வந்தது. அந்த ஒன்பது நாளும் வீட்டில் அடுப்பு எரியவில்லை. எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு அந்தப் போன் வரவே இல்லை. பொறுமை என்றால் என்னவென்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ழானுடைய கதையை நானும் தேடிப் படித்தேன். 1869இல் பிறந்தவள். ஒன்றரை வயதில் அப்பா போய்விட்டார். தாத்தா 1877இல் பேரப்பிள்ளைகளைப் பற்றி ஒரு கவிதைப் புத்தகமே போட்டார். ஏதோ குறும்புக்காக அவளை இருட்டறையில் காய்ந்த ரொட்டியோடு அடைத்திருக்க, தாத்தா யாருக்கும் தெரியாமல் ஜாம் கொண்டுபோய்க் கொடுத்த கவிதை அதில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சின்னப் பிள்ளை நாட்டுக்கே சொந்தம். 1881இல் தாத்தா 80ஆம் வயதில் கால் வைத்தபோது, ஊர்வலம் போகிற ஜனத்துக்கு முன்னால் ஜன்னலில் அவளும் நிற்கிறாள். 1885இல் தாத்தாவை, பாரிஸில் நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்கிற பாந்தியோனுக்கு எடுத்துப் போனபோது 20 இலட்சம் பேர் கூடினார்களாம். அவளுக்கு 15 வயது. தாத்தா செத்தால்கூட அந்தப் பிள்ளைக்குத் தனியாக அழ இடம் இல்லை.

அப்புறம் 1903. கணவர் கப்பல் ஏறினார். கப்பலில் வயர்லெஸ் கிடையாது. பனிக்குள் போன பிறகு ஒரு வருடத்துக்கு மேல் சேதி இல்லை. இரண்டு பிள்ளைகளோடு கரையில் இருந்தாள். நான் இருந்தது ஒன்பது நாள். அவரவர் கடலைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், கரையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவள் விலகியது சரியா தப்பா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொறுமை இல்லாதவள் என்று மட்டும் சொல்லாதீர்கள் சார்.

அவரையும் நான் குறை சொல்லவில்லை. 1936 செப்டம்பர் 16 அன்று ஐஸ்லாந்து பக்கம் புயலில் அந்த 'ஏன் கூடாது?' கப்பல் பாறையில் மோதி உடைந்தது. சார்கோவையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 40 பேர் போனார்கள், ஒரே ஒருவர் பிழைத்தார். கடைசி நேரத்தில் சார்கோ கேபினுக்குப் போய், கூண்டில் வளர்த்த கடற்காக்கையைத் திறந்து விட்டார் என்று பிழைத்தவர் சொன்னாராம். அதைப் படித்துவிட்டு அழுதேன்.

தம்பி, நீ மாட்டுகிற வயர்லெஸ்ஸுக்காக எங்கள் ஊரில் எத்தனை வீடு உனக்குக் கடன்பட்டிருக்கிறது என்று உன் அப்பாவிடம் சொன்னாயா?

வடசேரி வாத்தியார்:

அம்மா, நீங்கள் சொன்னது சரி. என் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் கவனிக்காமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. பிரான்ஸில் 1816இல் விவாகரத்தை ஒழித்துவிட்டார்கள், 1884இல்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். இருபது வருடம் முன்னால் பிறந்திருந்தால் லியோன் மாதிரி ஆளோடு 1884 வரைக்கும் கிடந்திருப்பாள். சார்கோ 1907இல் மார்கெரித் என்ற ஓவியரை மறுமணம் செய்தார். 1908 பயணத்தில் அந்த மனைவி சிலி நாட்டுத் தென்கோடித் துறைமுகமான புந்தா அரேனாஸ் வரைக்கும் கப்பலிலேயே கூட வந்தார். முதல் கல்யாணத்தில் கற்றுக்கொண்ட பாடம் என்று நினைக்கிறேன்.

ஆசான்மகன்:

சாருக்கும் அக்காவுக்கும் நன்றி. மூன்று தடவை படித்தேன்.

போர்ட் சார்கோ விஷயத்தை இராத்திரி கஞ்சி குடிக்கும்போது அப்பாவிடம் சொன்னேன். 'அப்பன் பேரையா வச்சான்?' என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் வயர்லெஸ் எத்தனை மைல் வரைக்கும் எடுக்கும் என்று கேட்டார். என் வேலையைப் பற்றி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

தூத்தூர் அக்கா எழுதியதைப் படித்தபோது இன்னொன்று உறைத்தது. என் மூத்த சகோதரி பத்து வருடமாகப் பெண்களுக்கு எண்ணெய் போட்டுத் தடவிக் கொடுக்கிறாள். தைலம் காய்ச்சுவதும் அவள்தான். எந்த அடிக்கு எந்த அடங்கல், அதாவது எந்த இடத்தைத் தொட்டு இளக்குவது என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஏடு மகனுக்குத்தான் என்று நாங்கள் எல்லாரும் அப்படியே எடுத்துக்கொண்டோம். அவளிடம் யாருமே கேட்டதில்லை, நான் உட்பட. நேற்று கேட்டேன். 'அப்பா வாசிச்சுத் தந்தா நான் படிப்பேன்' என்றாள், யோசிக்கவே இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகவில்லை. நானும் அவளும் சேர்ந்து அப்பாவிடம் பேசப் போகிறோம். பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.